சாக்கடையின் பின்னே நடந்த எஞ்சினியர்

(கல்கத்தாவில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழலைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும், ஆனால் உபதேசமாக இருக்கக்கூடாது, யாராவது ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால் போதும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் முதலில் சொல்லும் பெயர் அமெரிக்காவின் ரேச்சல் கார்சன் அம்மையார். 1907ல் பென்சில்வேனியா மாநிலத்தில், கடலுக்கு வெகு தூரத்தில் இருந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். கடல் உயிரியல் படித்து, அரசாங்கத்தின் மீன்வளத் துறையில் உத்யோகம் பார்த்தார். 1951ல் கடலைப் பற்றி எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. அடுத்த வருஷமே உத்யோகத்தை விட்டுவிட்டு முழு நேரமும் எழுத ஆரம்பித்தார். டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் பறவைகளையும் மீன்களையும் என்ன செய்கின்றன என்று 1962ல் அவர் எழுதிய ‘மௌன வசந்தம்’ அமெரிக்க ஜனாதிபதி வரை எட்டியது. ரசாயனக் கம்பெனிகள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1964ல், 56 வயதில் புற்றுநோயால் காலமானார்.

அவரைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது, அவரைப் போலவே அரசாங்க உத்யோகத்தில் இருந்துகொண்டு, ஆனால் அதை விடாமல், நீரும் மீனும் மனிதரும் சேர்ந்த ஒரு இடத்துக்காக முப்பது வருஷத்துக்கு மேல் வாதாடிய ஒரு வங்காளியைப் பற்றி. அந்த இடம் இந்த மண்டபத்திலிருந்து டாக்ஸியில் ஒரு மணிக்குள் போய்விடக்கூடிய தூரம்தான். அவர் பெயர் டாக்டர் துருவஜ்யோதி கோஷ். வங்காளிகள் வாயில் அது ‘த்ருபோஜோதி’ ஆகிவிடும். 1947ல் பிறந்தவர்; 2018 பிப்ரவரியில் இதே கல்கத்தாவில் காலமானார். கடல் உயிரியல் படித்தவர் அல்ல அவர். சாக்கடை எஞ்சினியர். மரியாதையாகச் சொன்னால் பொது சுகாதாரப் பொறியாளர். பிற்பாடு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சூழலியலில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசாங்கம் அவரிடம் ஒரு வேலை கொடுத்தது. நகரத்தின் கழிவுநீரை ஏதாவது உபயோகத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சாதாரணமாக இப்படி ஒரு வேலை வந்தால் என்ன நடக்கும்? நாலு வெளிநாட்டு அறிக்கைகளைப் படித்து, இத்தனை கோடியில் இத்தனை சுத்திகரிப்பு நிலையம் என்று ஃபைல் போட்டு அனுப்பிவிடுவார்கள். கோஷ் கேட்ட கேள்வி வேறு: இப்போது இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு கோடிப் பேர் குளித்து, துவைத்து, கழித்த ஜலம் தினமும் எங்கேயோ போய்க்கொண்டுதானே இருக்கிறது? அதற்குத் தெளிவான பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கால்வாயைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனார்.

வெளியூர் வாசகர்களுக்காக இந்த ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி. கங்கை வண்டல் போட்டுப் போட்டு ஆற்றங்கரை உயர்ந்துவிட்டதால், நிலம் ஆற்றை விட்டு விலக விலகக் கிழக்கே சரிகிறது. நம் ஊர் வழக்கப்படி சாக்கடையை ஆற்றில் விடலாம் என்றால், இங்கே தண்ணீர் மேட்டுக்கு ஏறாது! அதனால் வெள்ளைக்காரர் காலத்தில், வில்லியம் கிளார்க் என்ற எஞ்சினியர் போட்ட திட்டப்படி, பாதாளச் சாக்கடை கிழக்கு நோக்கியே அமைந்தது. கிழக்கே இருந்தது உப்பு ஏரிகள். வித்யாதரி என்ற ஆற்றின் வழியாகக் கடலின் ஏற்றவற்றம் அங்கே வரை வந்துபோகும். உப்பு நீர், உப்பு நீர் மீன். ஆனால் அந்த ஆறு மெள்ள மெள்ள வண்டலில் தூர்ந்து போயிற்று. 1928ல் ‘வித்யாதரி செத்துவிட்டது’ என்று சர்க்காரே அறிவித்துவிட்டது. ஆற்றுக்கு மரண சான்றிதழ்! பின்னர் கார்ப்பரேஷன் எஞ்சினியர் டாக்டர் பி.என். தே என்பவர் வடிவமைத்தபடி புதிய கால்வாய்கள் வெட்டி, கழிவுநீரை இன்னும் கிழக்கே குல்ட்டி ஆற்றில் கொண்டு சேர்த்தார்கள். அது சுந்தரவனம் வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது.

ஆறு செத்ததும் உப்பு குறைந்தது. பழைய மீன் போயிற்று. அந்தப் பக்கத்து மீனவர்களுக்கும் குடியானவர்களுக்கும் பிழைப்புப் போயிற்று. அப்போதுதான், 1930ஐ ஒட்டி, அவர்களில் சிலர் கால்வாயில் ஓடும் நகரத்துக் கழிவுநீரைத் தங்கள் குளங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார்கள். மீன் செழித்தது. ஒருவரைப் பார்த்து ஒருவராகச் செய்து, அது ஒரு பெரும் தொழிலாகவே ஆகிவிட்டது. இந்த மீன்குளங்களுக்கு இங்கே ‘பேரி’ என்று பெயர். கோஷ் கால்வாயைத் தொடர்ந்து போனபோது கண்டது இந்தப் பேரிகளைத்தான். இருநூறுக்கும் மேற்பட்ட குளங்கள். சில குளங்களுக்குக் கரை கண்ணுக்கெட்டாது.

நாம் மீன் சாப்பிடுகிறவர்கள் அல்ல, நமக்கு எதற்கு இந்த மீன்குளப் புராணம் என்று சிலர் மனதில் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், அந்த இடத்துக்கு வருகிறேன்.

பேரியில் நடப்பது என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குளத்தை வடித்துக் காயவிடுகிறார்கள். அடிமண்ணை வெயில் காட்டி, சேற்றைக் கிளறி, சுண்ணாம்பு போட்டுத் தயார் செய்கிறார்கள். பிறகு கழிவுநீரை விடுகிறார்கள். ஆழம் மிகவும் குறைவு, இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. ஆழம் குறைந்தால்தான் சூரிய வெளிச்சம் அடிவரை போகும். விட்ட தண்ணீரை இரண்டு மூன்று வாரம் அப்படியே வைத்திருப்பார்கள். கறுப்பாக இருந்த நீர் பச்சையாக மாறும். தண்ணீரிலுள்ள அழுக்கை பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதற்குப் பிராணவாயு வேண்டும். அதைத் தருவது வெயிலில் வளரும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள். அந்தப் பாசி அளவு மீறினாலும் ஆபத்து. ராத்திரியில் அதுவே பிராணவாயுவை இழுத்துக்கொண்டுவிடும். அதைத் தின்று அளவாக வைத்திருப்பது மீன். ரோகு, கட்லா, மிருகால், திலாப்பியா என்று ஒவ்வொன்றும் நீரின் வேறு வேறு மட்டத்தில் மேய்கிறது. குளத்தின் ஓரம் முழுவதும் ஆகாயத்தாமரையை வேலி போல் கட்டி வைத்திருப்பார்கள். மற்ற ஊர்களில் சனியன் என்று லாரி வைத்து அள்ளுகிறோமே, அதே செடி. இங்கே அது அலையிலிருந்து கரையைக் காக்கிறது, நீரில் உள்ள சில உலோகங்களையும் எண்ணெயையும் இழுத்துக்கொள்கிறது. குளத்தை விட்டு வெளியே போகும் தண்ணீரில், மலக்கழிவு சம்பந்தப்பட்ட கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் ஒழிந்துபோயிருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டின.

ஒரு நவீன சுத்திகரிப்பு நிலையத்திலும் இதேதான் நடக்கிறது. அங்கே காற்றைப் புகுத்த மோட்டார் வேண்டும், பம்ப் வேண்டும், ராப்பகலாகக் கரண்ட் வேண்டும். மோட்டார் நின்றால் நிலையம் நின்றது. இங்கே அந்த வேலையைச் சூரியன் இனாமாகச் செய்துவிடுகிறார். நம் சந்தியாவந்தனத்தில் வணங்குகிற அதே சூரிய நாராயணர்தான். அத்துடன் சுத்திகரிப்பு நிலையம் காசு தின்னும். பேரி காசு தரும்.

இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அதிகம் படித்தவர்கள் அல்லர். தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள், கையில் அள்ளி மோந்து பார்ப்பார்கள், நாக்கில் வைத்தும் பார்ப்பதுண்டு. இன்னும் எவ்வளவு கழிவுநீர் விடலாம், எப்போது மதகை மூட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சினியரிங் கல்லூரியில் கோஷ் படித்த பாடப் புத்தகத்தில் இது ஒரு வரிகூட இல்லை. இந்த மீனவர்களைத் தம்முடைய வாத்தியார்களாகவே அவர் கருதினார், அப்படியே எழுதியும் வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் சபையில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஏழை எளியவர்களிடம் உள்ள அறிவை அறிவென்றே ஒப்புக்கொள்ள மறுக்கும் மனப்பான்மைக்குக் கோஷ் ஒரு பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஒதுக்கலுக்கு உள்ள சொல்லை எடுத்து, அறிவுக்குள்ளேயே நடக்கும் ஒதுக்கல் என்ற பொருள்படச் சொன்னார். தமிழில் சுருக்கமாகச் சொன்னால் அறிவுத் தீண்டாமை. வித்யையே நம் சொத்து என்று பெருமைப்படுகிற சமூகம் நம்முடையது. சாக்கடை நீரில் நிற்கிறவனிடம் வித்யை இருக்கும் என்று நாம் நினைப்பதில்லை. நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறோம். கோஷ் ஒரு பத்ரலோக் வீட்டுப் பிள்ளை, படித்த அதிகாரி. அவர் அந்தக் கரையில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது, பிற்பாடு வந்த விருதுகளை விட, இதுதான்.

இப்போது நம் சமையலறைக்கு வருகிறேன்.

பேரிகளுக்குப் பக்கத்தில் தாபா என்று ஓர் இடம். நகரத்தின் குப்பையெல்லாம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கேதான் கொட்டப்படுகிறது. அந்தக் காலத்துக் குப்பை பெரும்பாலும் சாம்பல், இலை, காய்கறித் தோல். அது மக்கி மண்ணானதும் அதன்மேல் காய்கறி போட ஆரம்பித்தார்கள். அதே கழிவுநீரும், மீன்குளத்திலிருந்து வடியும் நீரும் பாசனத்துக்கு. காலிஃபிளவர், முள்ளங்கி, கத்தரி, பூசணி, பாலக் கீரை, சிவப்புக் கீரை என்று வருஷம் முழுவதும் விளைகிறது. பேரிக்குக் கீழ்ப்புறத்தில் அதே நீரில் நெல்லும் உண்டு. ராம்சார் பட்டியலில் இந்த இடம் சேர்க்கப்பட்டபோது எழுதப்பட்ட குறிப்பில், தினமும் சுமார் 150 டன் காய்கறியும், வருஷத்துக்கு 10,000 டன்னுக்கு மேல் மீனும் இங்கிருந்து கிடைப்பதாகக் கண்டிருந்தது. நேராக அங்கே வேலை செய்து பிழைப்பவர்கள் சுமார் 50,000 பேர்.

லேக் மார்க்கெட்டில் நாம் வாங்கும் பறங்கிக்காயும் கீரையும் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. வாழை இலையும் கறிவேப்பிலையும் எங்கே கிடைக்கும் என்பது மட்டும் நமக்கு அத்துப்படி. இந்தச் சபையில் இருப்பவர்கள், பல வருஷங்களாக, தெரிந்தோ தெரியாமலோ தாபாக் காயில் கூட்டும் சாம்பாரும் பண்ணிச் சாப்பிட்டவர்கள்தான். ‘ஐயையோ, சாக்கடைத் தண்ணீரில் விளைந்ததா?’ என்று மாமிகள் முகம் சுளிப்பது தெரிகிறது. அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக் கழிவு மட்டும் என்றால் பயமில்லை. அதிலுள்ளது செடிக்கு உரம்தான், நன்றாக அலம்பி வேகவைத்தால் போதும். கஷ்டம் வேறு இடத்தில். டேங்க்ரா, டாப்சியா பகுதித் தோல் பதனிடும் பட்டறைகளிலிருந்தும், சின்னச் சின்னத் தொழிற்கூடங்களிலிருந்தும் வந்த குரோமியமும் ஈயமும் கால்வாயில் கலந்தன. தாபா மண்ணிலும் காய்கறியிலும் இந்த உலோகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பல முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கோர்ட் உத்தரவின் பேரில் பட்டறைகளைப் பான்டலா பக்கம் மாற்றியும் பிரச்சினை முழுவதும் தீரவில்லை. குப்பையிலும் இன்று இலையும் சாம்பலும் போய், பிளாஸ்டிக்கும் பாட்டரியும் வந்துவிட்டன. ஆகவே குறை அந்தக் குடியானவன் செய்யும் முறையில் இல்லை; நாம் அனுப்பி வைக்கும் சரக்கில் இருக்கிறது.

கோஷ் கல்கத்தாவை ‘இயற்கையின் மானியத்தில் ஓடும் நகரம்’ என்று சொல்லுவார். மற்ற மாநகரங்களை விட இங்கே காய்கறி, மீன் விலை மலிவு; சுத்திகரிப்புச் செலவு கிடையாது; மழைத் தண்ணீர் வடிய இடம் இருக்கிறது. இதெல்லாம் அந்தச் சதுப்பு நிலம் நமக்குக் கொடுக்கும் மானியம். பென்ஷனில் குடும்பம் நடத்தும் நம்மில் பலருக்கு அதன் அருமை தெரியும்.

கண்டுபிடித்தது ஒரு பங்கு என்றால், காப்பாற்றியது ஒன்பது பங்கு. சால்ட் லேக் என்று இன்று நாம் சொல்லும் விதான்நகர், பெயரிலேயே சாட்சி இருக்கிறதே, அதே உப்பு ஏரிதான். 1962 முதல் யுகோஸ்லாவியக் கம்பெனி ஒன்று ஹூக்ளி மணலைக் குழாய் வழியாகக் கொண்டு வந்து கொட்டி மேடாக்கியது. டாக்டர் பி.சி. ராய் மகா மனிதர், அகதிகளும் ஜனங்களும் நெருக்கியடித்த ஊருக்கு இடம் தேவைப்பட்டது, அதெல்லாம் சரி. ஆனால் அதன் பின்னால் பைபாஸ் ரோடு வந்தது, பைபாஸ் வந்ததும் நிலத்தின் விலை ஏறிற்று. ஏக்கர் கணக்கில் மீன் வளர்ப்பவனை விட கட்டை கணக்கில் மனை விற்பவனுக்கு லாபம் ஆயிற்று.

கோஷ் செய்த காரியம் பார்ப்பதற்குச் சாதாரணம். நடந்து நடந்து, எல்லை எது என்று குறித்து, 1985ல் ஒரு வரைபடம் தயாரித்தார். எந்தெந்த கிராமம், எது குளம், எது காய்கறி நிலம், எது நெல் வயல் எல்லாம் அதில் வந்தது. அதற்கு முன் இந்த இடத்துக்கு ஒரு பெயர்கூட ஒழுங்காகக் கிடையாது. பெயரில்லாத நிலத்தை யார் வேண்டுமானாலும் ‘சும்மா கிடக்கும் சேறு’ என்று சொல்லிவிடலாம். 1990ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு அவரை ‘குளோபல் 500’ கௌரவப் பட்டியலில் சேர்த்தது.

அந்தச் சமயத்தில்தான் அங்கே உலக வர்த்தக மையம் ஒன்று கட்ட அரசாங்கம் எண்ணியது. ‘பப்ளிக்’ என்ற சுருக்கப் பெயர் கொண்ட கல்கத்தாக் குடிமக்கள் சங்கம் ஒன்று ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கோஷின் தர்மசங்கடத்தை யோசித்துப் பாருங்கள். வழக்கு அரசாங்கத்தின் மீது. அவர் அரசாங்கத்தின் சம்பளக்காரர். கோர்ட்டில் கைகொடுத்ததோ அவர் போட்ட வரைபடம். 1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தீர்ப்புச் சொன்னார். வரைபடத்தில் கண்ட எல்லைக்குள் குளத்தைத் தூர்க்கவோ நிலத்தின் உபயோகத்தை மாற்றவோ கூடாது. சுற்றுச்சூழலா வளர்ச்சியா என்ற வழக்கில், ஒன்றுக்காக மற்றொன்றை அடியோடு விட்டுவிட முடியாது, இரண்டையும் சமன் செய்ய வேண்டும் என்ற நிலையை அந்தத் தீர்ப்பு எடுத்தது. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்பு அது. பிற்பாடு அந்த நீதிபதி சுப்ரீம் கோர்ட்டிலும் இருந்தார்.

நம்மவர்களில் ஏராளமான பேர் அரசாங்க உத்யோகத்திலும் ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் இருந்து ரிடையர் ஆனவர்கள். மேலதிகாரி விரும்பாத ஓர் உண்மையை ஃபைலில் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்சன் அம்மையார் உத்யோகத்தை விட்ட பிறகு எழுதினார்; அவர் கையில் புத்தக வருமானம் இருந்தது. கோஷ் உள்ளேயே இருந்து எழுதினார். கூச்சல் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. வரைபடம், அளவு, அறிக்கை. மாநிலத்தின் தலைமைச் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனார்.

2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த இடம் ‘கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள்’ என்ற பெயரில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெயரில் ராமர் இருக்கிறாரே என்று யாரும் மகிழ வேண்டாம். ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடற்கரையில் உள்ள ஊர். 1971ல் அங்கே கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம் அது. 2006ல் மேற்கு வங்க சட்டசபை இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து, ஒரு நிர்வாக ஆணையத்தையும் வைத்தது. எல்லாம் முடிந்தது, காப்பாற்றியாகிவிட்டது என்றுதானே நினைப்போம்? கோஷ் அப்படி நினைக்கவில்லை. சட்டம் வந்த பிறகும் குளங்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தூர்ந்துகொண்டிருந்தன. கட்டிடங்கள் எழும்பின. கோர்ட்டுகளில் இன்றும் வழக்குகள் நடக்கின்றன.

வெளியில் தெரியாத இன்னொரு சங்கடமும் உண்டு. எஞ்சினியர்கள் இருந்தால் இது சுவாரஸ்யமாக இருக்கும். குளங்களுக்குக் கழிவுநீர் பம்ப் இல்லாமல் தானே பாய வேண்டுமானால், பிரதான கால்வாயில் நீர்மட்டம் உயரமாக நிற்க வேண்டும். அதற்குப் பான்டலாவில் மதகு இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் நகரத்தில் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டுமானால் அதே மட்டம் தாழ வேண்டும். மீனவர் ‘மூடு’ என்பார், நகரத்து எஞ்சினியர் ‘திற’ என்பார். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். கால்வாயில் வண்டல் ஏற ஏற இந்த இழுபறி கடுமையாகிறது. கழிவுநீர் போதாமல் பேரிக்காரர்கள் திண்டாடுகிறார்கள். நம் சாக்கடைக்காகக் காத்திருக்கும் ஜனங்கள் உலகத்தில் இங்கேதான் இருப்பார்கள்! நீர் வராத பேரியை மனை வியாபாரி வந்து விலை கேட்பது சுலபம். கோஷ் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: காவல்காரன் வைத்து இந்த இடத்தைக் காப்பாற்ற முடியாது, பேரி லாபமாக நடந்தால் அதுவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

2005ல் தம் ஆராய்ச்சியை ஒரு புத்தகமாக வெளியிட்டார். 2016ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் லுக் ஹாஃப்மன் விருது கிடைத்தது. அதே சமயம் சதுப்பு நிலத்தின் குறுக்கே மேம்பாலம் கட்டும் பேச்சு எழுந்தது. எழுபது வயதை நெருங்கிய நிலையில் அதையும் எதிர்த்து எழுதினார், பேசினார். 2017ல் தாபாக் குப்பைமேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களைப் பற்றிய அவரது புத்தகம் வந்தது. அடுத்த வருஷம் போய்விட்டார். முதலில் மீனவர், பிறகு காய்கறிக்காரர், கடைசியில் குப்பை பொறுக்குகிறவர் என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியே அவர் பார்வை போயிற்று என்று எனக்குத் தோன்றும்.

நம் சங்கப் பத்திரிகையைச் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் படிப்பவர்கள், இது கல்கத்தாக்காரர் கவலை என்று பக்கத்தைத் திருப்பிவிடக்கூடாது. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் அதன் பெரும்பகுதி போய்விட்டது. பெருங்குடிக் குப்பைமேடு அதன்மேல்தான் வளர்ந்தது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் முதல் மாடி வரை தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நம் உறவுகளிலேயே இருக்கிறார்கள். பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளியதையும், 2017ல் தண்ணீரின் மேல் தீப்பிடித்துப் புகைந்ததையும் டெலிவிஷனில் பார்த்தோம். அங்கெல்லாம் கழிவுநீர் ஏரியைக் கொன்றது. இங்கே அதே கழிவுநீர் குளத்தை வாழவைத்தது. வித்தியாசம், நடுவில் தண்ணீரைப் பார்த்து, மோந்து, மதகைத் திறந்து மூடும் ஒரு மனிதக் கூட்டம் இருந்ததுதான். அந்தக் கூட்டத்தை அனுப்பிவிட்டால் தண்ணீர் தானாக ஒன்றும் செய்யாது.

2025ல் நவராத்திரி ஆரம்பத்தில் கல்கத்தாவில் ஒரே ராத்திரியில் கொட்டிய மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலிகஞ்ச்சிலும் கரியாஹாட்டிலும் இடுப்பளவு தண்ணீர்; மின்சாரம் தாக்கிப் பலர் இறந்தார்கள். அந்தத் தண்ணீர் வடிய வேண்டிய திசை எது? கிழக்குதான்.

கடைசியாக, நம் வீட்டு விஷயம். கடந்த சில பத்து வருஷங்களில் ராஷ்பிஹாரி அவென்யூவையும் லேக் பகுதியையும் விட்டு, சால்ட் லேக், பைபாஸ், ராஜர்ஹாட் என்று நம்மவர்கள் பல பேர் வீடு வாங்கிப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, ‘அப்பா, லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டாகப் பாருங்கள்’ என்கிறார்கள். தப்பில்லை. வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். 2006 சட்டத்தின் அட்டவணையில் எந்தெந்த மௌஜாக்கள் சதுப்பு நில எல்லைக்குள் வருகின்றன என்று இருக்கிறது. பத்திரத்தில் உள்ள மௌஜா பெயரை அத்துடன் ஒத்துப் பார்க்க ஒரு வக்கீலுக்கு அரை நாள் போதும். எல்லைக்குள் நிலத்தின் தன்மையை மாற்ற ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத கட்டிடத்தில் விலை மலிவாக இருக்கும்; அந்த மலிவு ஏன் என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். ‘எல்லோரும்தான் வாங்குகிறார்கள்’ என்பது அவர் பதிலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு வாசலில் கோலம் போடும் இடம் நேற்று வரை ஒருவரின் குளமாக இருந்தது என்பது பெரிய பாரம். அத்துடன், இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தால் பணமும் போயிற்று.

ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். சயன்ஸ் சிட்டியிலிருந்து பாசந்தி ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் போகின்றன. விடிகாலையில் போனால் வலை போடுவதையும், அலுமினிய அண்டாவில் தண்ணீரோடு உயிர் மீன் போவதையும் காணலாம். பார்க்க விருப்பமில்லாதவர்கள் கொஞ்சம் தாமதமாகப் புறப்படலாம், காய்கறி நிலங்கள் எப்போதும் பச்சைதான். மார்கழியில் போனால் பல குளங்கள் வற்றி வெடித்துக் கிடக்கும், இதற்கா இவ்வளவு நேரம் பேசினான் என்று என்னைத் திட்டுவீர்கள். மாசிக் கடைசியில் போங்கள். தண்ணீர் விட்டு, பச்சை பிடிக்க ஆரம்பித்திருக்கும்.